9 வோல்ட் பேட்டரியும் தொரப்பாடி ஜெயிலும்: பயங்கரவாதத்தை ஒரு அரசு எப்படி எதிர்க்கணும்?



இன்னைக்கு மே 21. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நாள். இந்த நாளைத்தான் நாடு முழுக்க பயங்கரவாத எதிர்ப்பு நாளா கடைப்பிடிக்கிறாங்க. அரசு அலுவலகங்கள்ல உறுதிமொழி எடுப்பாங்க, ராத்திரி டிவியில விவாதம் வைப்பாங்க, நாளைக்கு எல்லாரும் மறந்துடுவாங்க.

காலையில இருந்து நம்ம பக்கத்துக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "பயங்கரவாதத்தைப் பத்தி நம்ம நிலைப்பாடு என்னன்னு எதிர்த்தரப்பு கேட்குறான். என்ன பதில் சொல்றது?" ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோழர்கள் கூடவே இன்னொண்ணும் கேட்குறாங்க: "எங்கயோ குண்டு வெடிச்சா எங்க தெருவை ஏன் சந்தேகமா பார்க்குறாங்க?"

ஒரு மீம் போட்டுக் கடந்து போயிடலாம். ஆனா இதுக்கு மீம் பத்தாது. பதிவு கொஞ்சம் நீளம்தான். டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறோம். சாதாரண மக்களைக் கொன்னு, அந்தப் பயத்தை வெச்சு ஒரு அரசையோ சமூகத்தையோ பணிய வைக்கிறதுதான் பயங்கரவாதம். அதை யார் செஞ்சாலும், எந்த இனத்தின் பேரால, எந்த மதத்தின் பேரால செஞ்சாலும் நியாயம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு சேர்ந்து பணியில் இருந்த காவலர்களும், தலைவரைப் பார்க்க வந்த பொதுமக்களும் செத்தாங்க. அந்தக் குடும்பங்களோட வலியை மறைச்சுட்டுப் பேசுற எந்த அரசியலும் நமக்கு வேண்டாம்.

சரி, அரசு என்ன செய்யணும்? கேள்வி இங்கதான் ஆரம்பிக்குது. குண்டு பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதியைச் செய்ய அது நம்மளை நம்பித்தான் இருக்கு. அரசு ஆத்திரப்படணும், சட்டத்தைத் தூக்கி ஓரமா வைக்கணும், பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் சந்தேகப்படணும். இதெல்லாம் நடந்தாத்தான் குண்டு வெச்சவனுக்கு முழு வெற்றி. இந்த மீதிப் பாதியைச் செய்யாத அரசுதான் பயங்கரவாதத்தை உண்மையில எதிர்க்கிற அரசு.

இதைப் புரிஞ்சுக்க வேற எங்கயும் போக வேணாம். வேலூர்க்காரங்களுக்கு ஊர்லயே சாட்சி இருக்கு. நம்ம கோட்டைக்குள்ள இருக்கிற திப்பு மகால் ஒரு காலத்துல சிறப்பு முகாம். விடுதலைப் புலிகள்னு அங்க அடைச்சு வெச்சிருந்தவங்கள்ல 40க்கும் மேற்பட்டவங்க 1995 ஆகஸ்ட்டில் சுரங்கம் தோண்டித் தப்பிச்சுப் போனாங்க. மதில், அகழி, காவல் எல்லாம் இருந்தும் கோட்டை விட்டாங்க. இன்னொரு சாட்சி தொரப்பாடி மத்திய சிறை. அதைப் பத்திக் கொஞ்சம் விரிவா பேசணும்.

நான் இசிஇ படிச்சவன். காலேஜ்ல மினி புராஜெக்ட், ஃபைனல் இயர் புராஜெக்ட்னு எத்தனை 9 வோல்ட் பேட்டரி வாங்கியிருப்பேன்னு எனக்கே கணக்கு தெரியாது. ஃபிரெண்டு சொன்னா அவனுக்கும் சேர்த்து வாங்கிட்டு வருவேன். எதுக்குடான்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

நம்ம ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளனும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்சவர்தான். 1991 ஜூன் 11இல் பிடிச்சுட்டுப் போறப்ப வயசு 19. சிவராசனுக்கு ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அது பெல்ட் வெடிகுண்டுல பயன்பட்டதுங்கிறது அவர் மேல இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. அதுக்குப் பெரிய ஆதாரம், தடா சட்டத்தின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலம்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. நம்ம நாட்டுச் சாதாரண சட்டத்துல போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துலயே அப்படித்தான். அடிச்சு வாங்கிடுவாங்கங்கிற பயம் அவனுக்கே இருந்தது. ராஜீவ் ஆட்சியில வந்த தடா அந்தப் பாதுகாப்பை எடுத்துடுச்சு. எஸ்.பி. அந்தஸ்துல இருக்கிற அதிகாரி எழுதி வாங்கினா போதும், அது ஆதாரம்.

1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குன்னு தீர்ப்பு கொடுத்தது. 26க்கு 26! 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் 4 பேருக்குத் தூக்கை உறுதி செஞ்சது, 3 பேருக்கு ஆயுளாக்கியது, 19 பேரை வெளியே விட்டது. இந்தக் கொலை தடா சட்டம் சொல்ற பயங்கரவாதச் செயல் ஆகாதுன்னும் சொன்னது. ஆனா தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும்னுடுச்சு. சட்டம் பொருந்தாது, அந்தச் சட்டத்தால எடுத்த காகிதம் பொருந்தும்!

அந்த 19 பேரை நினைச்சுப் பாருங்க. எட்டு வருஷம் உள்ள இருந்தாங்க. அதுல ஒரு வருஷத்துக்கும் மேல தூக்குக் கயிறு தலைக்கு மேல தொங்கிச்சு. கீழ்க்கோர்ட்டோட முடிஞ்சிருந்தா இன்னைக்கு அவங்க உயிரோட இல்ல.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கருணை மனு 11 வருஷம் டெல்லியில கிடந்தது. 2011 ஆகஸ்ட்டில் நிராகரிச்சாங்க. செப்டம்பர் 9ஆம் தேதி வேலூர் சிறையில பேரறிவாளன், முருகன், சாந்தன் மூணு பேருக்கும் தூக்குன்னு நாள் குறிச்சாங்க. ஆகஸ்ட் 30இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2013இல் அந்த வாக்குமூலத்தைப் பதிவு செஞ்ச சிபிஐ அதிகாரி தியாகராஜனே வெளியே வந்து பேசினார். பேட்டரி எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாம விட்டுட்டதா சொன்னார். ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாததால ஒரு மனுஷன் தூக்கு மேடை வரைக்கும் போயிட்டு வந்தார்.

2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாக மாத்தியது. 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரை செஞ்சும் ஆளுநர் மாளிகையில அந்தக் கோப்பு தூங்குச்சு. கடைசியில 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டப் பிரிவு 142ஐப் பயன்படுத்தி அவரை விட்டது. 19 வயசுல போனவர் 50 வயசுல வெளியே வந்தார். நவம்பர் 11இல் மீதி ஆறு பேரும் வந்தாங்க.

"அப்போ எல்லாரும் நிரபராதின்னு சொல்றீங்களா?"ன்னு கமெண்ட்ல கேட்பாங்க. இல்லை. ஏழு பேர் மேல இருந்த தண்டனையைக் கோர்ட் ரத்து செய்யல. நம்ம கேள்வி வேற. ஒரு முன்னாள் பிரதமர் கொலை வழக்கில், யார் என்ன செஞ்சாங்கங்கிற உண்மை சந்தேகமே இல்லாம நாட்டுக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்படித் தெரியாமப் போனதுக்குக் காரணம், உண்மையைக் கண்டுபிடிக்கிறதைவிட வாக்குமூலம் வாங்குறதை எளிதாக்கின சட்டம். இத்தனைக்கும் அந்த வழக்குல முதல் துப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? சம்பவ இடத்துல செத்துக் கிடந்த ஹரிபாபுவோட கேமரா ஃபிலிம்ல இருந்து. பொறுமையா தடயம் தேடின போலீஸ் வேலைதான் வழக்கைத் திறந்தது. தடா அதைக் குழப்பத்தான் செஞ்சது.

தொரப்பாடி ஜெயில் சொல்ற ரெண்டாவது கதை.

2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தது. அதே மாசம் 28ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை 1373ஆம் தீர்மானம் போட்டது: எல்லா நாடும் பயங்கரவாதத்துக்குக் கடும் சட்டம் வெச்சுக்கணும். ஆனா பயங்கரவாதம்னா என்னன்னு சொல்லல. உலகத்துக்கே பொதுவா ஒரு ஒப்பந்தம் வேணும்னு 1996இல் ஐ.நா.வில் முன்மொழிஞ்சதே நம்ம இந்தியாதான். அந்த வரையறையில உலக நாடுகள் இன்னைக்கும் ஒத்துப்போகல. வரையறை காலியா இருந்தா என்ன ஆகும்? ஆட்சியில இருக்கிறவங்க தனக்குப் பிடிக்காதவங்க பேரை எழுதி நிரப்பிக்குவாங்க.

அடுத்த மாசமே டெல்லியில அவசரச் சட்டம். டிசம்பர் 13இல் நாடாளுமன்றத் தாக்குதல். 2002 மார்ச்சில் கூட்டுக் கூட்டம் போட்டு பொடா சட்டத்தை நிறைவேற்றினாங்க. அதை ஆதரிச்ச கட்சிகள்ல வைகோவோட கட்சியும் ஒண்ணு. ஜூன் 29இல் திருமங்கலம் கூட்டத்துல அவர் விடுதலைப் புலிகளை ஆதரிச்சுப் பேசினார். ஜூலை 11இல் அன்றைய தமிழ்நாடு அரசு அவரை அதே பொடாவில் கைது செஞ்சு வேலூர் சிறையில போட்டது. ஏறக்குறைய 19 மாசம் உள்ள இருந்தார். குண்டு இல்ல, துப்பாக்கி இல்ல. மைக் முன்னாடி பேசினது மட்டும்தான்.

அவர் பேச்சு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமப் போகலாம். அது வேற விஷயம். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடாவைச் செல்லும்னு சொன்னாலும், பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோற நோக்கம் இல்லாத வெறும் பேச்சு குற்றமாகாதுன்னு விளக்கியது. 2004இல் பொடாவே போச்சு. நியூயார்க்கில் கோபுரத்தை இடிச்சவனைப் பிடிக்கக் கிளம்பின சட்டம், வேலூர் ஜெயிலுக்கு ஒரு எம்.பி.யைக் கொண்டு வந்து சேர்த்தது.

தோழர்களே, இதுல கட்சி பேதம் பார்க்காதீங்க. தடா காங்கிரஸ் ஆட்சியில வந்தது. பொடா பாஜக கூட்டணி ஆட்சியில வந்தது. ஊபா சட்டத்துல ஜாமீனை கிட்டத்தட்ட எட்டாக்கனியாக்கின திருத்தம் 2008இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில வந்தது. அமைப்பை மட்டும் இல்ல, தனி மனுஷனையே கோர்ட் தீர்ப்பு இல்லாம பயங்கரவாதின்னு அறிவிக்கலாங்கிற திருத்தம் 2019இல் பாஜக ஆட்சியில வந்தது. கொண்டு வரும்போது எல்லாரும் அடுத்தவனை நினைச்சுத்தான் கை தூக்குறாங்க. ஒரு நாள் அது தன் வீட்டுக் கதவையே தட்டும்னு யாரும் நினைக்கிறதில்ல.

"அப்போ சட்டப்படி போனா பயங்கரவாதியைத் தண்டிக்க முடியுமா?" முடியும். நடந்திருக்கு.

2008 நவம்பர் 26, மும்பை. 166 பேர் பலி. உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, சுடுற துப்பாக்கியை வெறும் கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தன் உயிரைக் கொடுத்ததாலதான் கசாப் உயிரோட சிக்கினான். அவனுக்கும் வக்கீல் வெச்சோம். கேமரா பதிவு, புகைப்படம், நூற்றுக்கணக்கான சாட்சிகள். 2010 மே மாசம் தீர்ப்பு, 2012 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது, நவம்பர் 21இல் தூக்கு. நிரூபிச்சதுல முக்கியமானது கொலை, சதி, நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல். எல்லாமே பழைய தண்டனைச் சட்டத்துல இருந்த குற்றங்கள். அதே வழக்குல ரெண்டு இந்தியர்களை ஆதாரம் இல்லைன்னு அதே கோர்ட் விடுதலையும் செஞ்சது. தூக்குத் தண்டனையே வேணுமாங்கிறது தனி விவாதம். ஆனா அந்த விசாரணையைப் பார்த்து உலகத்துல யாரும் இந்தியாவை நோக்கி விரல் நீட்ட முடியல. 2025 ஏப்ரலில் அமெரிக்காவுல இருந்து தஹாவூர் ராணாவை நாம வாங்கிட்டு வந்தோம். நம்ம கோர்ட்டை நம்பித்தான் இன்னொரு நாடு ஆளை ஒப்படைக்கும்.

அமெரிக்கா என்ன செஞ்சது? 2002இல் குவாண்டனாமோவில் தனிச் சிறை திறந்தது. சுமார் 780 பேரை அங்க வெச்சிருந்தது. 9/11 தாக்குதலைத் திட்டமிட்டதா சொல்ற காலித் ஷேக் முகமது 2003லயே பிடிபட்டான். சிஐஏ சித்திரவதை செஞ்சது. அப்படி வாங்கின வாக்குமூலம் கோர்ட்டில் நிக்குமாங்கிற சண்டையிலேயே இருபது வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. செத்த கிட்டத்தட்ட 3,000 பேரோட குடும்பத்துக்கு ஒரு தீர்ப்புகூட கிடைக்காம இழுத்தடிச்சது. சட்டத்தோட போன மும்பை வழக்கு நாலே வருஷத்துல முடிஞ்சது. இதைத்தான் எதிர்த்தரப்புக்கு நீங்க பதிலா சொல்லணும்.

நம்ம கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு பாடம் இருக்கு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் தற்கொலைத் தாக்குதல். 250க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. தலைமை தாங்கின சஹ்ரானைப் பத்தி அவன் ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டிப் புகார் கொடுத்திருந்தாங்க. இந்திய உளவுத்துறை அதே ஏப்ரல் மாச ஆரம்பத்துலயே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. கோவை வழக்கு விசாரணையில கிடைச்ச தடயம்தான் அதுக்கு வழி காட்டினதுன்னு அப்பவே செய்தி வந்தது. சட்டம் பத்தாமலா போச்சு? 1979லயே பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டு வந்த நாடு அது. வந்த தகவலை எடுத்துப் பார்க்க ஆள் இல்ல, அவ்வளவுதான். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேனவுக்கே 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கணும்னு உத்தரவு போட்டது.

சரி, தாக்குதலுக்கு அப்புறம் என்ன செஞ்சாங்க? 2020இல் மன்னாரமுது அஹ்னாஃப்ங்கிற இளம் தமிழ்க் கவிஞரைப் பிடிச்சாங்க. காரணம், அவர் எழுதின 'நவரசம்' கவிதைப் புத்தகம். ஒன்றரை வருஷத்துக்கும் மேல உள்ள இருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செஞ்சது. எச்சரிக்கைக் கடிதத்தைப் படிக்காத அரசு, கவிதைப் புத்தகத்தைத் துருவித் துருவிப் படிச்சது.

இதெல்லாம் வெச்சு நாம கேட்கிறது இவ்வளவுதான்:

1. உளவுத் தகவல் வந்தும் நடவடிக்கை எடுக்கலைன்னா, பொறுப்புல இருந்தவங்க பதில் சொல்லணும். 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேரைக் கொன்னாங்க. மே 7இல் ராணுவம் பதிலடி கொடுத்தப்ப ஒட்டுமொத்த நாடும் ராணுவத்தோட நின்னது. ஆனா அவ்வளவு சுற்றுலாப் பயணிகள் கூடுற இடத்துல பாதுகாப்பு ஏன் இல்லைங்கிற கேள்வியைக் கேட்கிறதும் தேசபக்திதான்.

2. போலீஸ் வாங்கின வாக்குமூலத்துக்கு இன்னைக்கு ஊபாவில் இடமில்லை. அந்தக் கதவு மறுபடி எந்தப் பேர்லயும் திறக்கக் கூடாது.

3. விசாரணையை இத்தனை மாசத்துல முடிக்கணும்னு கெடு வேணும். முடிக்க முடியலைன்னா ஜாமீன் கொடுக்கணும். தண்டனை தீர்ப்புல வரணும், விசாரணைக் கைதியா கழிச்ச வருஷங்கள்ல வரக் கூடாது.

4. ஆதாரம் இல்லைன்னு விடுதலையானவருக்கு இழப்பீடும் மறுவாழ்வும் அரசு கொடுக்கணும்.

5. பணம் எங்கிருந்து வருது, இன்டர்நெட்டில் பசங்களை யார் இழுக்குறாங்கங்கிறதைக் கண்டுபிடிக்க அந்தந்த ஊர் மக்களோட நம்பிக்கையைச் சம்பாதிக்கணும். ஒரு பையன் தடம் மாறுறான்னா அது முதல்ல அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும், அப்புறம் வாத்தியாருக்கு, பள்ளிவாசல் பெரியவருக்கு. போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயப்படுற அம்மா எப்படி வந்து சொல்லுவாங்க?

இந்த அஞ்சாவது விஷயம் நம்ம தோல் பூமிக்கு ரொம்ப முக்கியம். காலையில ஆம்பூர் பக்கம் போய் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பாருங்க. ஒரே சீட்டுல பர்தா போட்ட அக்காவும், பொட்டு வெச்ச அக்காவும், சிலுவைச் செயின் போட்ட பொண்ணும் உட்கார்ந்து போவாங்க. ஒருத்தர் கட் பண்ணின தோலை இன்னொருத்தர் தைச்சு, வேறொருத்தர் ஒட்டி, அந்த ஷூ ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகுது. ஒரு ஜோடி ஷூவுல எத்தனை கை பட்டிருக்குன்னு எந்த மதத்துக்காரனாலயும் பிரிச்சு எடுக்க முடியாது. பஹல்காமில் மதம் கேட்டுச் சுட்டவங்களோட நோக்கமே இந்த பஸ்ஸுல தனித்தனி சீட் போட வைக்கிறதுதான். அங்க சுற்றுலாப் பயணிகளைக் காப்பாத்தப் போய் உயிரை விட்டது ஒரு முஸ்லிம் குதிரைக்காரர். அதையும் சேர்த்துச் சொல்லணும்.

கடைசியா நம்ம ஐடி விங் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு இளைஞர் சந்தேகத்துல பிடிபட்டார்னு செய்தி வந்தப்ப, முந்திக்கணும்னு நானே போட்டோவோட ஒரு கார்டு டிசைன் பண்ணிப் போட்டேன். ஆயிரக்கணக்குல ஷேர் ஆச்சு. பிறகு விசாரிச்சு ஒண்ணும் இல்லைன்னு அவரை அனுப்பிட்டாங்க. அந்தச் செய்தியை யாருமே ஷேர் பண்ணல. நானும் பண்ணல. என் போஸ்டை டெலிட் பண்ணிட்டேன், ஆனா அது எத்தனை குரூப்ல இன்னும் சுத்துதுன்னு எனக்குத் தெரியாது. நான் வாங்கின 9 வோல்ட் பேட்டரிக்கு யாரும் கணக்குக் கேட்கல. அந்தப் பையன் தெருவுல நடக்குறப்பெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால இன்னைக்கு ஒரு உறுதிமொழி எடுப்போம். குற்றப்பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி யார் முகத்தையும் போட மாட்டோம். கைதைப் பகிர்ந்த கை விடுதலையையும் பகிரும். பயங்கரவாதியைச் சட்டத்தால தண்டிப்போம். சட்டத்தைப் பயங்கரவாதிக்குப் பலி கொடுக்க மாட்டோம்.

படிச்சவங்க உங்க ஏரியா குரூப்ல பகிருங்க. மாற்றுக் கருத்து இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, மரியாதையா பேசலாம்.

– தகவல் தொழில்நுட்ப அணி, வேலூர்

#பயங்கரவாத_எதிர்ப்பு_நாள் #சட்டத்தின்_வழியே_நீதி